சேதமில்லாத சான்றிதழ்

எங்கள் தெருவில் மழைக்காலம் முதலில் காகிதத்தில்தான் தெரியும். வானம் கறுப்பதற்கு முன்பே எங்கள் மாடிக்குக் கீழே உள்ள கடையில் நகல் இயந்திரம் இரண்டு தாள்களை ஒன்றாக இழுத்துச் சிக்கிக்கொள்ளும். கடைக்காரர் மூடியைத் திறந்து, கசங்கிய தாளை உருவி, விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். "ஈரம் ஏறிடுச்சு. இனிமே இதோட மல்லுக்கட்டணும்" என்பார். மறுநாளோ அதற்கு மறுநாளோ மழை பிடித்துக்கொள்ளும்.

தெருவுக்குப் பின்னால் கால்வாய். சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு எப்போதும் ஈரம் நிற்கும். இரும்பு அலமாரிக்குள் வைத்த பத்திரங்கள்கூட மஞ்சளாகி, ஓரத்தில் பூஞ்சை பூத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் இங்கே எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வரி ரசீது, மருந்துச் சீட்டு. ஒருவர் பரிசு விழாத லாட்டரிச் சீட்டைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு போனார். ஒரே ஒரு எண்ணில் தப்பியதாம்.

கடைக்காரரைத் தெருவில் 'லேமினேஷன்' என்றே கூப்பிட்டார்கள். "லேமினேஷன் சாப்பிடப் போயிருக்காரு, கொஞ்சம் நில்லுங்க" என்று பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் ஆட்களை நிறுத்திவைப்பார். அவருடைய வேலை சுத்தமானது. இயந்திரம் சூடாகிப் பச்சை விளக்கு வரும்வரை தாளைத் தொடமாட்டார். வந்ததும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நான்கு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு, ஒட்டிய பக்கம் முன்னால் போகும்படி உருளைகளுக்குக் கொடுப்பார். வெளியே வந்ததைச் சூட்டோடு கண்ணாடிப் பலகையில் கிடத்தி மேலே கனம் வைப்பார். ஆறிய பிறகு மூலைகளை வட்டமாக நறுக்குவார். "கூரா விட்டா பிள்ளைங்க கண்ணுல குத்திரும்" என்பார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். குடிவந்தபோது என் மனைவி இருந்தாள். அவளுடைய இறப்புச் சான்றிதழுக்கும் அவர்தான் உறை போட்டார். கூலி வாங்கவில்லை. மூலைகளை மட்டும் வழக்கத்தைவிட நிதானமாக நறுக்கினார்.

அதன்பிறகு நான் மாடியில் சமைப்பதில்லை. அலுவலகம் விட்டு வந்ததும் கடைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவேன். கடைக்காரரின் மனைவி சோறும் முட்டையும் தட்டில் வைத்து முன்னால் தள்ளுவார். பதிலுக்கு நான் அவர்களுக்கு வரும் மின்னஞ்சல்களைப் படித்துச் சொல்வேன். அந்த வருஷம் நிறைய வந்தன. எல்லாம் மகளின் படிப்பைப் பற்றியவை.

மகள் எக்ஸ்ரே எடுப்பவள். பயிற்சி நிலையம் ஒன்றில் மூன்று வருஷம் டிப்ளமோ படித்துவிட்டு, பேருந்து நிலையத்தருகே ஒரு ஸ்கேன் நிலையத்தில் வேலை பார்த்தாள். கணவன் வெளிநாட்டில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய தற்காலிக அனுமதி அடுத்த வருஷம் முடிகிறது. எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு அங்கே ஆள் தேவை. அவளுடைய படிப்பு அங்கத்திய படிப்புக்குச் சமம் என்று அந்த நாட்டு மதிப்பீட்டு அலுவலகம் ஒரு தாள் கொடுத்தால் போதும். அவளுக்கு வேலை அனுமதி கிடைக்கும், அவளோடு சேர்ந்து அவனும் தங்கலாம், குழந்தையையும் கூட்டிக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் அவன் திரும்பிவர வேண்டும்.

குழந்தைக்கு அப்பா என்றால் போன்தான். மணி அடித்தால் "அம்மா, அப்பா அடிக்குது" என்று ஓடிவரும். யாரும் திருத்தவில்லை.

மாப்பிள்ளையும் படித்தவன்தான். வணிகவியலில் முதுகலை. போனவுடன் அவனும் தன் படிப்பை மதிப்பீட்டுக்குக் கொடுத்திருந்தான். அந்த முடிவு வந்த அன்று போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"பதினேழு வருஷம் படிச்சேன் மாமா. இவங்க நிறுத்துப் பார்த்துட்டு பதினாலுதான் தேறுதுங்கறாங்க. மூணு வருஷம் வர்ற வழியில ஆவியாயிடுச்சு போல."

"கவர் போட்டு அனுப்பியிருக்கணும் மாப்ளே" என்றார் கடைக்காரர். "ஆவியாகாது."

எல்லோரும் சிரித்தார்கள். போனுக்குள்ளும் சிரிப்பு கேட்டது.

மகளுடைய சான்றிதழை மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுமானால், முதலில் நம் அரசாங்க அலுவலகம் ஒன்று மூலச் சான்றிதழைப் பார்த்து, பின்பக்கத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட வேண்டும். மழை சற்று விட்டிருந்த ஒரு நாள் போனோம். அவள், அவர், நான். படிவம் நிரப்ப நான் தேவைப்பட்டேன். சான்றிதழைக் கடைக்காரர்தான் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மகள் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே உறை போட்டது. தடித்த, வழவழப்பான தாள். ஓரத்தில் கொடி வேலை. நடுவில் அவள் பெயரைத் தடித்த கறுப்பு மசியில், வளைவுகளோடு கையால் எழுதியிருந்தார்கள்.

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை வாங்கினார். விரலால் தடவினார். திருப்பினார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்.

"யாரும்மா இதைப் பண்ணது?"

"வீட்டுல..." என்றாள் மகள்.

"வீட்டுலன்னா யாரு?"

"நான்தாங்க" என்றார் பின்னால் நின்ற கடைக்காரர். பாராட்டுக் கிடைக்கப்போகிறது என்று நினைத்துவிட்டார். "நல்ல கனமான உறைங்க. சாதாரணமா போடுறது இல்ல."

"முன்பக்கம் எழும்பியிருக்கிற முத்திரையை நான் கையால தடவிப் பார்க்கணும். பின்பக்கம் எங்க சீல் விழணும். காகிதத்துல விழணும். இதுல எங்கங்க குத்துறது?"

"மேலயே குத்துங்கம்மா."

அந்த அம்மா அவரைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, உறையின் மேல் அழுத்தினார். வட்டமாக, அழகாக விழுந்தது. கட்டைவிரலால் ஒரு இழு இழுத்தார். ஊதாக் கறையாகப் போய்விட்டது. ஈரத்துணியால் துடைத்தார். ஒன்றுமே இல்லை.

"பார்த்தீங்களா?"

"குத்தின உடனே குடுத்தீங்கன்னா, நான் அது மேல இன்னொரு உறை போட்டுக் கொண்டாந்துடுவேன்" என்றார் அவர். "அழியாது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மகள் சான்றிதழை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"போலாம்ப்பா."

பேருந்திலிருந்து இறங்கும்போது அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நாம எத்தனை பேருக்குப் போட்டுக் குடுத்திருப்போம்?"

வீட்டில் அவர் மனைவி விடவில்லை. சுருள்கம்பி போட்டுக்கொண்டிருந்த நோட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"உங்களுக்குக் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா? அன்னைக்கே சொன்னேன், ஒரு பையில போட்டு வைங்கன்னு."

"பையில போட்டா பூஞ்சை பிடிக்கும்."

"பிடிச்சா என்ன? பூஞ்சை பிடிச்ச சான்றிதழ்ல சீல் குத்தமாட்டேன்னு எவனாவது சொன்னானா?"

மகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

புதுச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று பார்த்தோம். அவள் படித்த பயிற்சி நிலையம் மூடப்பட்டுவிட்டது. அந்தக் கட்டிடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். நிலையத்தின் பதிவுகளெல்லாம் பல்கலைக்கழகத்தின் ஆவணப் பிரிவுக்குப் போயிருந்தன. அங்கே இருந்த எழுத்தர் நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"யாரு போட்டது? பிரமாதமா இருக்கே. ஒரு காத்துக்குமிழ் இல்ல."

கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான் பிரச்சினை" என்றார் எழுத்தர். "ரெண்டாம் படி, அதாவது டூப்ளிகேட் குடுக்கணும்னா ஒண்ணு மூலம் தொலைஞ்சிருக்கணும். இல்ல சேதமாயிருக்கணும். இது தொலையலை. சேதமும் ஆகலை. என் சர்வீஸ்லயே இவ்வளவு பத்திரமா வச்சிருந்த சான்றிதழை நான் பார்த்ததில்லை. இதுக்கு நான் என்னன்னு எழுதி ரெண்டாம் படி குடுக்கிறது?"

"இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியலைங்களே" என்றாள் மகள்.

"புரியுதும்மா. ஆனா சேதமில்லைன்னுதான் நான் எழுத முடியும்."

"அப்ப சேதம் பண்ணிக் கொண்டாரட்டுமா?"

அவர் பேனாவை மூடினார். "நான் அப்படிச் சொல்லலை. நீங்க சொன்னது என் காதுல விழவும் இல்லை."

வெளியே வந்ததும் மழை. சைக்கிள் கொட்டகையில் ஒதுங்கினோம். "தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாமே பாப்பா" என்றார் கடைக்காரர் தணிந்த குரலில்.

"வேணாம்ப்பா. பொய் சொல்லி வாங்கின காகிதத்தை அங்க கொண்டுபோய்க் குடுத்து, நாளைக்கு ஒருத்தன் தோண்டிப் பார்த்தான்னா அங்க இருக்கிற அவரையும் சேர்த்துப் பிடிச்சு அனுப்பிடுவாங்க."

"அப்ப உரிச்சுடறேன்."

"முடியுமா?"

"போட்டவனுக்கு உரிக்கத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. யாரும் அதுவரை அவரிடம் உரித்துத் தரச் சொன்னதில்லை. அன்றிலிருந்து பழகத் தொடங்கினார். பழைய தாள்களில் பேனாவால் எதையாவது எழுதுவார், உறை போடுவார், ஆறவைப்பார், பிறகு உரிப்பார். முதலில் இழுத்த இழுப்பில் தாள் கிழிந்தது. பிறகு துணி விரித்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினார். சூடு கூடினால் உறை சுருங்கித் தாளையும் சுருட்டியது. குறைந்தால் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டது. கடை முழுக்கக் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். குழந்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா சுடுது, தாத்தா சுடுது" என்று சொல்லிக்கொண்டே நடந்தது. வாடிக்கையாளர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"லேமினேஷனுக்கு என்னாச்சு?" என்று பூட்டுக்கடைக்காரர் என்னிடம் கேட்டார். "தான் கட்டினதைத் தானே அவுத்துக்கிட்டு இருக்காரு?"

மகள் வேலை முடிந்து வந்ததும், சட்டைக் காலரில் குத்தியிருந்த உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் வில்லையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். "இழுக்காதீங்கப்பா. மடக்கி, தாள் மேலயே படுக்கவச்ச மாதிரி பின்னால கொண்டுபோங்க" என்றாள் ஒருநாள். அவள் கை பழகிய கை. சொன்னபடி செய்ததும் உறை முனகாமல் வந்தது. கொஞ்ச நாளில் எந்தத் தாளைக் கொடுத்தாலும், பேனா எழுத்துகூட அலுங்காமல் உரித்தார். மனைவிகூட ஒரு தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். குழந்தையைப் பூட்டுக்கடைக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். கண்ணாடிப் பலகையில் வெள்ளைத் துணி. அதன் மேல் சான்றிதழ். கடைக்காரர் ஓரங்களை பிளேடால் சீவி எடுத்தார். முதலில் பின்பக்கம். துணி போட்டுச் சூடு காட்டினார். மகள் மூலையைச் சிறு இடுக்கியால் பிடித்துக் கொடுத்தாள். அவர் மடக்கிக் கொண்டுபோனார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. உறை முழுசாக வந்தது. தாளில் ஒரு கீறல் இல்லை.

"வந்துருச்சு" என்றார் மனைவி. அழுகிற மாதிரி சிரித்தார்.

"டீ போடு" என்றார் அவர். "இதையும் முடிச்சுட்டுக் குடிக்கறேன்."

திருப்பினார். முன்பக்கம். கொடி வேலை செய்த ஓரம் சுத்தமாக வந்தது. அச்செழுத்துகள் தாளிலேயே நின்றன. பாதி தூரம் போயிருக்கும். மகள், "அப்பா, நிறுத்துங்க" என்றாள்.

அவரும் பார்த்துவிட்டார். ஆனால் கை ஓட்டத்தில் இருந்தது. இன்னும் ஒரு விரல் அகலம் போய்த்தான் நின்றது.

பழகிய தாள்களெல்லாம் சாதாரணத் தாள்கள். மை உள்ளே இறங்கி ஊறிவிடும். இது வழவழப்பான தாள். அந்தத் தடித்த மசி மேலேயே படிந்து உறைந்திருந்தது. பிளாஸ்டிக் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் அடுத்தடுத்துக் கையால் எழுதியிருந்த அவள் பெயர், பதிவெண், தேறிய வகுப்பு, எல்லாமே. தாளில் அச்சடித்த வரிகள் மட்டும் பளிச்சென்று நின்றன. இதனால் சான்றளிப்பது என்னவென்றால் என்று தொடங்கி, ஒரு வெற்றிடம். பிறகு, என்பவர் மூன்றாண்டுப் பயிற்சியை நிறைவு செய்தார். மறுபடி ஒரு வெற்றிடம்.

கடைக்காரர் உறையைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டினார். அவள் பெயர் அதில் இடம்வலம் மாறித் தொங்கியது.

"இதுல இருக்கு பாப்பா. எங்கயும் போகலை. பாரு, ஒரு எழுத்து விடாம இதுலதான் இருக்கு."

"ஆமாப்பா."

"திரும்ப வச்சு அழுத்தினா..."

அவர் இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனார். மகள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மனைவி எழுந்துபோய் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். டீ யாரும் போடவில்லை.

ஆவணப் பிரிவு எழுத்தர் இந்த முறை எங்களை நிற்கவைத்தே பேசினார். தாளைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். கடைக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது சேதம்" என்றார். "இதுக்கு நான் எழுதலாம்."

இரண்டாம் படி வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. சுவர்களில் ஈரம் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. சான்றிதழ் வந்தபோது கடைக்காரர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, தூரத்திலிருந்தே படித்தார். "பேரு சரியா இருக்கா? பதிவெண் சரியா இருக்கா?" என்று மகளையே படிக்கச் சொல்லிக் கேட்டார். குறுக்கே சிவப்பில் 'இரண்டாம் படி' என்று போட்டிருந்தது. அவர் பார்வை அதிலேயே போய் நின்றது.

"இது ஒண்ணும் பண்ணாதுல்ல தம்பி?"

"பண்ணாது. ஏத்துக்கறதாத்தான் அவங்க விதியில இருக்கு."

ஜன்னல் அம்மா காகிதத்தில் முத்திரை குத்தினார். எல்லாம் அனுப்பியாயிற்று. மாப்பிள்ளை அங்கே ஒரு அறை பார்த்துவைத்தான். ஜன்னல் வழியாக ஒரு பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது என்று படம் அனுப்பினான். மகள் குழந்தைக்கு அளவு கூடின குளிர்ச்சட்டை ஒன்று வாங்கினாள். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்கத் தெருவில் திரிந்தது.

பதில் வந்த அன்று நான் மாடியில் இருந்தேன். மகள் படியேறி வந்தாள். அவள் அதற்கு முன் மாடிக்கு வந்தது என் மனைவி படுத்திருந்தபோது. வாசலிலேயே நின்று போனை நீட்டினாள்.

"நான் படிச்சது சரியான்னு பாருங்க."

படித்தேன். சான்றிதழ் உண்மையானது என்று எழுதியிருந்தார்கள். இரண்டாம் படி என்பதில் ஆட்சேபம் இல்லை. மதிப்பெண்கள் சரி. ஆனால் நம் நாட்டில் இந்த வகை டிப்ளமோ, எந்த நிலையத்தில் படித்திருந்தாலும், அங்கே பள்ளி இறுதி வகுப்புக்கும் ஒரு குறுகிய தொழிற்பயிற்சிக்கும் சமம். எக்ஸ்ரே எடுக்கும் தகுதிக்கு அது போதாது. அந்த வேலை வேண்டுமானால் அங்கே பட்டப்படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். கீழே ஒரு அட்டவணை. எங்கள் நாடு ஒரு வரிசையில். அந்த அட்டவணை வெளியான வருஷம் போட்டிருந்தது. அவள் பயிற்சி நிலையத்தில் சேருவதற்கு முந்தைய வருஷம்.

"சரிதான்" என்றேன்.

"இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தேன். என் மனைவியின் மார்பைக் கடைசியாகப் படமெடுத்தது இவள்தான். என் மனைவிக்கு நிற்க முடியவில்லை. இவள் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தகட்டை நிறுத்தி, "மூச்சை இழுங்கக்கா... பிடிச்சுக்குங்க... முடியலைன்னா விட்டுடுங்க, இன்னொரு தடவை எடுத்துக்கலாம்" என்றாள். இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய மருத்துவமனையில் அந்தப் படத்தைப் பார்த்த டாக்டர், யார் எடுத்தது என்று கேட்டார்.

"சரிதான்" என்றேன் மறுபடியும்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப லேமினேஷன்னால இல்ல."

"இல்ல."

"உரிக்காம இருந்திருந்தாலும் இதேதான்."

"இதேதான்."

"அவர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். திரும்பி வர டிக்கெட் பாக்கறேன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட நீங்க சொல்லுங்கண்ணா. அவரால இல்லைன்னு தெரிஞ்சா, அவராவது நிம்மதியா தூங்குவாரு. நான் சொன்னா அவருக்காகச் சொல்றேன்னு நினைப்பாரு."

கீழே போனோம். கடைக்காரர் நகல் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, எழுதியிருந்ததை வரி வரியாகச் சொன்னேன். அட்டவணையையும் காட்டினேன். வருஷத்தையும் காட்டினேன். அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"சான்றிதழ்ல ஒரு குறையும் சொல்லலை" என்றேன். "உண்மையானதுன்னு எழுதியிருக்காங்க. நீங்க உறை போட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்படியா எழுதியிருக்கான்?"

"அப்படித்தான்."

"சொல்லமாட்டான் தம்பி. பெரிய ஆபீஸ். பேரு உரிஞ்சு போன சான்றிதழ்னு மூஞ்சியில அடிச்ச மாதிரியா எழுதுவான்? மரியாதைக்கு வேற ஒரு காரணத்தைப் போட்டிருக்கான்."

"இல்லைங்க. இது எல்லாருக்கும் பொது. அட்டவணை."

"அப்பா" என்றாள் மகள், "உங்க மேல தப்பு இல்லப்பா. அவங்க கணக்குல என் படிப்பு அவ்வளவுதான்."

அவருக்குக் கோபம் வந்தது. அவளைப் பார்த்துக் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"என்ன அவ்வளவுதான்? மூணு வருஷம் எலும்பு எலும்பா மனப்பாடம் பண்ணே. இந்த மெஷின்லதான் உனக்குப் பக்கம் பக்கமா நகல் எடுத்துக் குடுத்தேன். உள்ளங்கையில மட்டும் எத்தனை எலும்புன்னு எனக்கே தெரியும், நீ கத்திக் கத்திப் படிச்சு. அதை ஒருத்தன் ஒண்ணுமில்லைன்னு சொல்லுவானா? எவன் சொல்லுவான்?" குரல் இறங்கியது. "நான்தான் பாப்பா கெடுத்தேன். லேமினேஷன்தான்."

அவர் மனைவி உள்ளே இருந்து வந்து கதவு நிலையில் நின்றார். இவ்வளவு நாளும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர். "விடுங்க" என்றார். "லேமினேஷன் இல்லைன்னுதான் மாடித் தம்பியே சொல்லுதே."

"அதுக்கு என்ன தெரியும்?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டரைத் திறங்க. ஒரு மெயில் எழுதணும்."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான். எழுதுங்க. மதிப்பிற்குரிய ஐயா. ஒருவேளை அம்மாவா இருந்தா? ஐயா, அம்மா, ரெண்டும் போடுங்க."

நான் மகளைப் பார்த்தேன். அவள் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொல்ற மாதிரியே எழுதுங்கண்ணா" என்றாள்.

எழுதினேன். "நான் லேமினேஷன் கடை வைத்திருப்பவன். என் மகளின் சான்றிதழைக் கெடுத்தது நான். அவள் கெடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல், அவள் வாங்கிவந்த அன்றைக்கே கெடுத்துவிட்டேன். நீங்கள் அவளுடைய மதிப்பெண்களை மட்டும் பார்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் அவள்தான் முதல். தாளைப் பார்க்க வேண்டாம். ஆளைப் பார்க்க வேண்டுமானால் அனுப்பிவைக்கிறோம். ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பாருங்கள்." அவர் சொல்வதை நான் அவர்கள் மொழியில் மாற்றிக்கொண்டே வந்தேன். சில இடங்களில் நிறுத்தி, "கெடுத்ததுன்னு போட்டீங்களா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். "நான்னு போட்டீங்களா? அவ இல்லைன்னு தெளிவா இருக்கா?" இருக்கிறது என்றேன்.

"கடைசியில என்ன போடறது?"

"நன்றின்னு போடலாம்."

"அது நீங்களே போட்டுக்குங்க."

அனுப்பினேன். அவர் இயந்திரத்தின் மூடியை மூடக்கூட இல்லை, பதில் வந்துவிட்டது. கணினி மணியடித்தது அவருக்கும் கேட்டது.

"அதுக்குள்ளயா? பாத்தீங்களா, சொன்னேன்ல. என்ன போட்டிருக்கான்?"

திறந்து பார்த்தேன். இந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களை யாரும் படிப்பதில்லை, முடிவு இறுதியானது, இது இயந்திரம் அனுப்பும் பதில் என்றிருந்தது. அதையே சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்ப வேற அட்ரஸ் பாருங்க தம்பி" என்றார். "அவ்வளவு பெரிய ஆபீஸ்ல உட்கார்ந்து படிக்கிறவன் ஒருத்தனாவது இருப்பான்ல."

நான் தேடத் தொடங்கினேன்.